பச்சைக் கட்டமும் தூண்டில் நூலும்

போன மாதம் எங்கள் கிளப் கூடியபோது ஒரு பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பையன் என்றால் முப்பத்தைந்து வயது இருக்கும். எழுபத்து மூன்றைத் தாண்டியவனுக்கு எல்லோரும் பையன்கள்தானே.

கிளப் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கவென்ட்ரிக்கு வெளியே ஒரு பப்பின் பின்புறம், கார் நிறுத்தும் இடம். மாதத்தில் ஒரு ஞாயிறு, வீட்டு கராஜிலேயே தங்கள் காரைத் தாங்களே கட்டிக்கொண்ட பத்துப் பதினைந்து பேர் வந்து, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்போம். அன்றைக்குப் பேச்சு முன் சக்கர அலைன்மென்ட் பற்றித் திரும்பியது. நான் நூல் கட்டித்தான் பார்க்கிறேன் என்றேன். "நூலா? இந்தக் காலத்திலா?" என்று அவன் சிரித்தான். காருக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினான். அலைன்மென்ட் கடையில் கொடுத்த பிரிண்ட்அவுட். எல்லாக் கட்டமும் பச்சை.

"இதை எடுத்தபோது சீட்டில் யார் உட்கார்ந்திருந்தார்கள்?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லையே."

"மெஷினில் எந்தக் காரைத் தேர்ந்தெடுத்தார்கள்?"

"ஃபோர்டு சியரா. பாகமெல்லாம் அதிலிருந்துதானே வந்தது?"

சுற்றி நின்ற பெரியவர்கள் இரண்டு பேர், அது சரிதானே என்பது போலத் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதே தாளை, இதே பச்சையை நானும் ஒருநாள் கையில் பிடித்துக்கொண்டு நின்றவன். அதனால் வந்த வினையை இதுவரை இங்கே எழுதவில்லை. வெட்கம்தான் காரணம்.

கார் கட்டுவதா, அதை எப்படி ரோட்டில் விடுகிறார்கள் என்று ஊரிலிருந்து படிக்கும் நண்பர்கள் கேட்பீர்கள். இங்கே அது பழைய வழக்கம். 1957-ல் காலின் சாப்மனின் லோட்டஸ் செவன் வந்தது. முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. பெட்டிகளில் உதிரியாக வாங்கி நீங்களே பூட்டிக்கொண்டால் கிடையாது. அந்த வரி போய் எவ்வளவோ வருஷமாகிவிட்டது, ஆசை மட்டும் போகவில்லை. 1996-ல் ரான் சாம்பியன் என்ற பள்ளி ஆசிரியர், 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று ஒரு புத்தகமே போட்டார். (250 பவுண்டில் யாராவது முடித்தார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். என் கணக்கு நோட்டை மனைவியிடமிருந்து இன்னும் ஒளித்துத்தான் வைத்திருக்கிறேன்.) 2007-ல் அதே வழியில் கிறிஸ் கிப்ஸ் எழுதிய புத்தகம் வந்தது. பழைய சியரா ஒன்றைப் பிரித்து, இரும்புக் குழாய்களை வெட்டி வெல்டு வைத்துச் சட்டம் செய்து, அதில் சியராவின் பாகங்களைப் பூட்டுவது. நான் கட்டியது அந்த வகை. ஐந்து வருஷம் ஆனது. எடை 620 கிலோ.

இனி அந்த மூன்று கோணங்கள். காரை மேலிருந்து பார்க்கும்போது முன் சக்கரங்களின் முன் ஓரங்கள் சற்றே உள்பக்கம் திரும்பியிருந்தால் டோ-இன், வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் டோ-அவுட். எதிரே நின்று பார்க்கையில் சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். மூன்றாவது காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்பக்கம் சாய்ந்திருக்கிறதல்லவா, அதே சாய்வுதான். ஹேண்டில் பாரை விட்டாலும் சைக்கிள் நேராக ஓடுவதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

இந்த மூன்றையும் அந்தக் கடை மெஷின் அழகாக அளக்கும். மெஷினை நான் குறை சொல்லவில்லை. சக்கரத்தில் மாட்டும் கிளாம்ப், கீழே சுழலும் தட்டு, ரிம் கோணலாக இருந்தால் அதைக் கழித்துவிடும் ஏற்பாடு எல்லாம் உண்டு. ஆனால் பச்சையா சிவப்பா என்று மெஷின் எப்படி முடிவு செய்கிறது? ஒரு பட்டியலில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டு. அந்தப் பட்டியலில் நான் கராஜில் கட்டிய கார் இருக்க முடியாது. அப்படியானால் பச்சை என்பது எதற்குப் பச்சை?

சியராவுக்கு. சியராவின் முன் சஸ்பென்ஷன் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். என் காரில் மேலும் கீழும் இரண்டு விஷ்போன்கள். சக்கரத்தைத் தாங்கும் அப்ரைட் மட்டும்தான் சியராவுடையது. அதன் தலையில் ஸ்ட்ரட் நுழையும் ஓட்டையில் ஒரு திருகுகட்டையைச் செருகி மேல் பால் ஜாயின்ட்டை மாட்டியிருக்கிறோம். சக்கரம் மேலேறி இறங்கும்போது அது போகும் வழியே வேறு. பக்கத்து வீட்டுக்காரரின் வேட்டியை நான் கட்டியிருக்கிறேன் என்பதற்காக அவருடைய ரத்த அழுத்த மாத்திரையை எனக்குக் கொடுப்பீர்களா?

எடையைப் பாருங்கள். சியரா ஆயிரம் கிலோவுக்கு மேல். நானும் மனைவியும் ஏறினால் சுமார் 140 கிலோ. சியராவில் அது எட்டில் ஒரு பங்கு இருக்கும். என் காரில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. அதுவும் பின் அச்சுக்குச் சற்று முன்னால்தான் உட்காருகிறோம். ஏறி உட்கார்ந்ததும் காரின் பின்பக்கம் பதிகிறது, முன்பக்கமும் கொஞ்சம் இறங்குகிறது. காஸ்டர் மாறுகிறது, கேம்பர் மாறுகிறது. காலி சீட்டோடு எடுத்த எண், யாரும் ஓட்டாத ஒரு காரைப் பற்றிய எண்.

முப்பது வருஷம் நான் செய்த வேலை இன்ஸ்பெக்ஷன். முதலில் அம்பத்தூரில், பிறகு இங்கே ஒரு மெஷின் டூல் கம்பெனியில். எங்கள் அறையில் அளவு என்றால் எத்தனை மைக்ரான் என்பதோடு முடியாது. எந்தக் கேஜ், அதைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், பாகம் 20 டிகிரி வெப்பத்துக்கு வந்த பிறகு அளந்தீர்களா என்று கேட்போம். பதில் இல்லாத தாளைத் திருப்பி அனுப்பிவிடுவோம். முப்பது வருஷம் இப்படித் திருப்பி அனுப்பியவன், தன் சொந்தக் கார் விஷயத்தில் என்ன செய்தான் தெரியுமா? கடைப் பையன் "இது எந்தக் காரை வைத்துக் கட்டியது சார்?" என்று மரியாதையாகக் கேட்டபோது, பெருமையாக "சியரா" என்றான். இருபது நிமிஷம். அறுபது பவுண்டு. எல்லாம் பச்சை. டோ-இன் 1 மில்லிமீட்டர் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஃப்ரிஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன்.

அந்த வாரக் கடைசியில் மனைவியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஐந்து வருஷம் கராஜ் வாசலில் டீ கொண்டுவந்து வைத்தவள். முதல் நீண்ட சவாரி அவளோடுதான் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அக்டோபர் மாதம். காலையில் மழை பெய்து விட்டிருந்தது. சமவெளி ரோட்டில் ஸ்டியரிங் கொஞ்சம் அலைந்தது. புது டயர், பழகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஓர் இறக்கம், அடியில் இடது வளைவு, ரோட்டில் ஈர இலைகள். பிரேக்கை அழுத்தினேன். மூக்கு இறங்கியது. இறங்கின கணத்தில் கார் இடப்பக்கம் துள்ளியது. திருத்தினேன், வலப்பக்கம் துள்ளியது. எதிரே ஒரு வேன். எப்படி அதன் பக்கத்தில் கடந்தோம் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. புல் ஓரத்தில் ஏறி நின்றோம்.

நான் இறங்கி டயரைப் பார்த்தேன், ரேக்கைப் பார்த்தேன். எதுவும் கழன்றிருக்கவில்லை. "அலைன்மென்ட் எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஃப்ரிஜ்ல ஒட்டியிருக்கேனே" என்று உளறினேன். அவள் இன்னும் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"காரை நீங்கதானே கட்டினீங்க? அப்புறம் எதுக்குப் பேப்பரைச் சொல்றீங்க?" என்றாள்.

வீட்டுக்கு டாக்சியில் போனாள். அதன்பிறகு எட்டு மாதம் அந்தக் காரில் ஏறவில்லை.

என் அப்பா மன்னார்குடியில் கொத்தனார். சுவர் எழுப்பும்போது இரண்டு முனையிலும் ஆணியடித்து நூல் கட்டுவார். கட்டி முடித்ததும் வீணைத் தந்தி மாதிரி ஒரு விரலால் சுண்டுவார். நூல் அதிர்ந்து அடங்கும். எங்கேயாவது செங்கல்லில் இடித்தால் அதிர்வு அங்கேயே செத்துவிடும், உடனே தெரியும். நேராக இருப்பதை நம் ஊரில் 'நூல் பிடிச்ச மாதிரி' என்கிறோமே, அது அலங்காரப் பேச்சு இல்லை, வேலை செய்யும் முறை. சோழவரம் ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த நாட்களில் அம்பத்தூரிலிருந்து சைக்கிளில் போய்ப் பார்ப்பேன். அங்கேயும் பந்தயத்துக்கு முன்னால் மெக்கானிக்குகள் காரின் இரு பக்கமும் நூல் இழுத்துக் குனிந்து கிடப்பார்கள். இன்றைக்கும் பந்தய மைதானங்களில் எத்தனையோ குழுக்கள் அதைத்தான் செய்கின்றன. லேசர் வாங்கப் பணம் இல்லாமலா?

அந்தக் குளிர்காலம் முழுவதும் கராஜில் இருந்தேன். தரை மட்டத்தை கொத்தனார் ட்யூப் லெவல் வைத்துப் பார்த்தேன்: ஒரு மூலை 7 மில்லிமீட்டர் தாழ்வு. வினைல் ஓடுகளை அடுக்கி மட்டம் செய்தேன். சீட்டுகளில் ஆள் எடை வைத்தேன். என் பக்கம் 25 கிலோ மணல் மூட்டை மூன்று. அவள் பக்கம் இரண்டு மூட்டை, மேலே 10 கிலோ பொன்னி அரிசிப் பை ஒன்று. (அரிசிப் பை காணாமல் போனதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.) காரின் முன்னும் பின்னும் ஒவ்வொரு அலுமினியக் குழாய். இரண்டிலும் ஒரே இடைவெளியில் வரிப்பள்ளம். பள்ளத்துக்குப் பள்ளம் தூண்டில் நைலான் நூல், சக்கர மைய உயரத்தில். முன் அச்சிலும் பின் அச்சிலும் இடது வலது தூரங்கள் சமமாகும்வரை குழாய்களை நகர்த்தினால், காரைச் சுற்றி ஒரு செவ்வகம் கிடைத்துவிடும். அப்பா மாதிரி சுண்டிப் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். நூலிலிருந்து ரிம்மின் முன் ஓரத்துக்கு எவ்வளவு, பின் ஓரத்துக்கு எவ்வளவு? முன் ஓரம் நூலிலிருந்து அதிகம் தள்ளியிருந்தால் டோ-இன். சக்கரத்தை அரைச் சுற்று உருட்டி இன்னொரு தடவை அளந்து சராசரி எடுத்தால் ரிம் கோணலும் கழிந்துவிடும்.

இது துல்லியம் இல்லை என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 13 அங்குல ரிம்மின் வெளி விட்டம் சுமார் 355 மில்லிமீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு. நல்ல வெளிச்சத்தில் அரை மில்லிமீட்டர் படிக்கத் தெரிந்த எவருக்கும் ஒரு டிகிரியில் பன்னிரண்டில் ஒரு பங்கு கையில் இருக்கிறது. கேம்பருக்கு அப்பாவின் தூக்குக்குண்டு: அதே ரிம்மில் 1 டிகிரி என்பது 6 மில்லிமீட்டர் சாய்வு. கண்ணுக்குத் தெரியும். டிகிரியில் நூறில் ஒரு பங்கு காட்டும் மெஷினைச் சொல்கிறீர்கள். காரில் நீங்கள் ஏறி உட்கார்ந்ததுமே அதைப்போலப் பல மடங்கு மாறிப்போகும் ஒன்றை நூறில் ஒரு பங்கு வரை அளந்து யாருக்கு என்ன லாபம்?

என் காரில் மாறியது. மூட்டைகளை வைத்ததும் முன்பக்கம் 7 மில்லிமீட்டர் இறங்கியது. 1 மில்லிமீட்டர் டோ-இன் காணாமல் போய் அரை மில்லிமீட்டர் டோ-அவுட் ஆகியிருந்தது. சமவெளியில் ஸ்டியரிங் அலைந்ததற்கு விளக்கம் கிடைத்தது. பிரேக் அடித்து மூக்கு இறங்கினால்? ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கர மையத்தை ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, டயல் கேஜில் பார்த்தேன். 25 மில்லிமீட்டர் ஏறியதற்குள் ஒவ்வொரு சக்கரமும் இரண்டரை மில்லிமீட்டர் வெளியே திரும்பியது. அதாவது பிரேக்கை மிதித்தால் இரண்டு முன் சக்கரங்களும் ஆளுக்கொரு பக்கம் போகப் பார்க்கும். ஈர ரோட்டில் எந்தச் சக்கரத்துக்குப் பிடி அதிகமோ, கார் அது இழுக்கும் பக்கம் போகும். இதற்கு பம்ப் ஸ்டியர் என்று பெயர்.

காரணத்தைத் தேட நான் வெகுதூரம் போகவில்லை. என் காரில் ஸ்டியரிங் ரேக் அச்சுக்கு முன்னால் இருக்கிறது. ரேக்கின் கிளாம்ப் ஒரு வெல்டில் இடித்ததால், நான்காவது வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அவசரமாக 10 மில்லிமீட்டர் அலுமினியத் துண்டு ஒன்றை அடியில் கொடுத்து ரேக்கைத் தூக்கியிருந்தேன். ரேக் உயர்ந்ததால் டை ராட் வெளிப்பக்கம் சரிந்து இறங்கியது. சக்கரம் மேலேறும்போது அந்தச் சரிவு நிமிர்ந்து ஸ்டியரிங் கையை வெளியே தள்ளுகிறது. அந்தத் துண்டை வைத்தவன் நான். மறந்தவனும் நான். அதைப் பார்க்கும் வேலையை ஒரு கடைக்குக் கொடுத்தவனும் நான். கார் தரையில் அசையாமல், காலியாக, ஒரே உயரத்தில் நிற்கும்போது அந்த மெஷின் சொன்ன எண் உண்மைதான். 25 மில்லிமீட்டர் கீழே என்ன நடக்கிறது என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை.

வெல்டை அரைத்தேன், துண்டை எடுத்தேன், ரேக்கை இறக்கினேன். பிறகு காஸ்டர், அதன் பின் கேம்பர், கடைசியில்தான் டோ. மாற்றிச் செய்தால் ஒன்றைத் திருப்பும்போது மற்றது கெடும். ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை எத்தனை சுற்று என்று எண்ணிச் சரிபாதியில் நிறுத்தி, இரண்டு டை ராடுகளையும் சம நீளத்தில் வைத்துக்கொண்டு தொடங்கினேன். மறுபடி 25 மில்லிமீட்டர் ஏற்றிப் பார்த்தபோது டயல் கேஜின் முள் ஏதோ சோம்பேறித்தனமாக அசைந்து நின்றது.

நீ ஓய்வு பெற்றவன், உனக்கு நேரம் இருக்கிறது என்பார்கள். உண்மை. ஆனால் இவர்கள் ஐந்து வருஷம் வெல்டு வைக்க நேரம் கண்டுபிடித்தவர்கள். இரண்டு சனிக்கிழமை நூல் கட்ட மட்டும் நேரம் இல்லையா? பெயின்டின் பளபளப்புக்கு மூன்று மாதம் தேய்த்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கிளப்பில் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. இங்கே வீட்டில் கட்டிய காரை ரோட்டில் விட அரசாங்கச் சோதனை ஒன்று உண்டு. 2009 முதல் ஐவிஏ என்று பெயர். அதில் ஸ்டியரிங்கைத் திருப்பி விட்டால் தானாக நேருக்கு வர வேண்டும் என்பது ஒரு விதி. எடை குறைந்த கார்கள் இதில் திணறும். உடனே சிலர் என்ன செய்கிறார்கள்? சோதனை நாளுக்கு மட்டும் டயரில் காற்றைக் கல் மாதிரி ஏற்றி, டோவை மாற்றி வைத்துக்கொண்டு போகிறார்கள். தேறியதும் திரும்ப மாற்றுகிறார்கள். இதைச் சாமர்த்தியம் என்று பப்பில் சொல்லிச் சிரிக்கிறார்கள். சோதனை செய்பவர் கேட்டது, உன் பக்கத்தில் உட்காரப்போகிறவளுக்காக. தானாக நேருக்கு வராத ஸ்டியரிங் ஏதோ சொல்ல வருகிறது: காஸ்டர் போதவில்லை, அல்லது ரேக்கிலோ பால் ஜாயின்ட்டிலோ இறுக்கம். அதன் வாயைக் காற்றடித்து மூடிவிட்டு, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுகிறோம்.

கடைக்கே போகக் கூடாதா என்றால், போகலாம். உங்கள் எண்ணை நீங்கள் கண்டுபிடித்த பிறகு போங்கள். மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போங்கள். "கார் பட்டியலை மூடிவிடுங்கள், எண்ணை மட்டும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நானே ஒருமுறை அப்படிப் போய், நூலும் லேசரும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்தேன். அரை மில்லிமீட்டருக்குள் இருந்தது. கடைப் பையனுக்கு மணல் மூட்டைகளைப் பார்த்து ஒரே ஆச்சரியம். மூட்டைகளை இறக்கிவிட்டு இன்னொரு தரம் அளக்கச் சொன்னேன். எண் மாறியதைப் பார்த்து அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எட்டு மாதம் கழித்து மனைவி வந்தாள். அதே இறக்கம், அதே வளைவு. அவள்தான் அந்த வழியாகப் போகச் சொன்னாள். பிரேக்கை அழுத்தினேன், மூக்கு இறங்கியது, கார் நேராகப் போனது. அவள் எதுவும் சொல்லவில்லை. அடியில் வந்ததும் சீட் பெல்ட்டிலிருந்து கையை எடுத்தாள்.

சிரித்த பையனிடம் அன்று இந்தக் கதையைச் சொல்லவில்லை. பத்துப் பேர் நடுவில் எதற்கு? கிளம்பும்போது மட்டும், "உன் ரேக்குக்கு அடியில் ஏதாவது வைத்திருக்கிறாயா?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. "ஒரு சின்னத் துண்டு…" என்றான். வருகிற சனிக்கிழமை காரை என் கராஜுக்குக் கொண்டுவருகிறான். மணல் மூட்டை இருக்கிறது. அரிசிப் பைக்குத்தான் இன்னும் அனுமதி வாங்கவில்லை.